மோட்டாரின் எர்த் கம்பி: சங்கத்தின் பொறுப்பு என்ன?

சென்ற ஆண்டுக் கோடையில், தவணை தவறிய கடன்களைப் பற்றி விசாரிப்பதற்காக ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். பட்டியலில் இருந்த பெயர்களுள் ஒன்று, கிணற்றுக்கு மோட்டார் பொருத்துவதற்காகச் சங்கத்தில் கடன் பெற்ற ஒரு சிறு விவசாயியினுடையது. அதுவரை ஒரு தவணையும் தவறாமல் கட்டி வந்தவர். வீட்டை அடைந்ததும் அவருடைய மனைவியார் திண்ணையில் பாய் விரித்து எங்களை அமரச் செய்து, "அவர் போய் ஏழு மாசம் ஆச்சுங்க" என்றார்.

ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் காலை, மோட்டாரைப் போட்டு வருவதாகக் கூறிச் சென்றவர் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. தேடிச் சென்ற மகன், தந்தை மோட்டாரின் மேல் கை வைத்தவாறே சாய்ந்து கிடப்பதைக் கண்டானாம். "மோட்டார் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சுங்க. வாய்க்கால்ல தண்ணியும் போயிட்டே இருந்துச்சு" என்று அந்த அம்மையார் சொன்னார். பிறகு, "கடனை மெதுவாக் கட்டிடறோம்" என்றார். அதற்கு விடை கூற நமக்கு நா எழவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிக் கோப்பைப் புரட்டினோம். அந்த மோட்டாரை நேரில் பார்வையிட்டுச் சான்று எழுதியவர் வேறு எவரும் அல்லர், நாமே. தயாரிப்பாளர் பெயர், எண், குதிரைச் சக்தி, ரசீது எண், தேதி ஆகிய யாவும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. மோட்டாருக்கு எர்த் கம்பி உண்டா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை; நமக்கும் அது தோன்றவில்லை. சங்கத்தின் பணத்துக்குப் பொருள் வந்ததா என்று பார்த்தோமே தவிர, அப்பொருளால் அங்கத்தினருக்கு ஆபத்து வருமா என்று பார்க்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் இயங்கத் தொடங்கிய பின்னர், மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார்கள் அமர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் அதிகம். நெசவாளர் வீடுகளிலும் அவ்வாறே. விசைத்தறி ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் இருக்கிறது. கைத்தறி நெய்வோர் வீட்டிலும் தார் சுற்றுவதற்கு ஒரு சிறு மோட்டார் வந்துவிட்டது. ஆகவே இது விவசாயிக்கு மட்டும் உரிய விஷயமன்று.

மோட்டாரை இரண்டு பகுதிகளாக எண்ணிப் பார்க்கலாம். உள்ளே செம்புக் கம்பிச் சுற்று. வெளியே இரும்புக் கூடு. சுற்றில் மின்சாரம் ஓடவேண்டும். கூட்டில் ஓடவே கூடாது. இவ்விரண்டையும் பிரித்து நிற்பவை, கம்பியின்மேல் பூசப்பட்ட எனாமலும், கம்பி பதிந்திருக்கும் பள்ளங்களில் வைக்கப்பட்ட மெல்லிய காப்புத் தாளுமேயாகும். சூட்டினால் அவை கருகும்; ஈரத்தினால் வலிமை குன்றும். கிணற்று மேட்டில் எலி கம்பியைக் கடிக்கும். தறிக்கூடத்தில் ஓயாத அதிர்வினால் இணைப்புப் பெட்டியின் விளிம்பில் கம்பி உரசித் தேயும். பஞ்சுத் தூசி படிந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்து உள்கம்பி ஓரிடத்தில் கூட்டைத் தொட்டுவிட்டால், அக்கணமே கூடு முழுவதும் மின் அழுத்தம் ஏறிவிடுகிறது. மும்முனை இணைப்பில் ஒவ்வொரு முனைக்கும் நிலத்துக்கும் இடையே சுமார் 240 வோல்ட்டு உண்டு. அந்த 240 வோல்ட்டும் இப்போது நாம் கை வைக்கும் இரும்பில் இருக்கிறது. விசைத்தறியாயின், மோட்டார் தறியின் இரும்புச் சட்டத்தோடு முடுக்கப்பட்டிருப்பதால் தறி முழுவதுமே அந்நிலையை அடைகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவு நேர்ந்தும் மோட்டார் நிற்பதில்லை. வழக்கம்போல் ஓடும், தண்ணீர் இறைக்கும், துணி நெய்யும். பழுது நேர்ந்ததற்கு ஓர் அடையாளமும் வெளியே தெரியாது. முதலில் தொடுகிற மனிதனே அதைக் கண்டுபிடிக்கும் கருவியாகிறான்.

"பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. விடையைக் கணக்கிட்டே காணலாம். ஈரக்கையோடும் வெறுங்காலோடும் நிற்கும் மனித உடலின் தடையைச் சுமார் 1,000 ஓம் எனக் கொள்வர். 240 வோல்ட்டு அதன் வழியே செலுத்தக்கூடிய மின்னோட்டம் 0.24 ஆம்பியர். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரோ, நல்ல நிலையில் ஓடும்போதே 7 ஆம்பியர் அளவில் எடுத்துக்கொள்கிறது. அதற்கேற்ப 15 ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறோம். அந்தப் பியூஸுக்குக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டாகுமா? ஆனால் மனிதனுக்கு அது மிக அதிகம். 0.01 ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகி, பிடித்த பிடியை விடமுடியாமற் போகலாம். 0.03 ஆம்பியருக்கு மேல் சென்றால் உயிருக்கு ஆபத்து. இதயத்தின் துடிப்பு தாளம் தப்பிவிடுகிறது. பியூஸ் என்பது கம்பியையும் மோட்டாரையும் காக்க ஏற்பட்டது. தனியே நின்று மனிதனைக் காக்க அதனால் இயலாது. அந்த விவசாயி இறந்த பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததன் காரணம் இதுவே.

இங்கேதான் எர்த் கம்பியின் பணி தொடங்குகிறது. மோட்டாரின் கூட்டிலிருந்து ஒரு தடித்த கம்பியை எடுத்து, மண்ணில் ஆழமாகப் புதைத்த குழாயோடு இணைத்துவிடுகிறோம். மண் மின்சாரத்தை விழுங்கிவிடும் என்று பலர் நினைக்கின்றனர்; அது சரியன்று. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். நம் ஊர் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனையும் அவ்விடத்தில் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கூட்டுக்கு வந்த மின்சாரம் எர்த் கம்பி வழியே இறங்கி, மண் வழியே சென்று, டிரான்ஸ்பார்மரை அடைந்து ஒரு சுற்றை முடித்துக்கொள்கிறது. இந்தப் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓடும் மின்னோட்டம் 48 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதைத் தாங்காது. சில விநாடிகளில் உருகிவிடும். மனிதனால் உணர்த்த முடியாத பழுதை எர்த் கம்பி பியூஸுக்கு உணர்த்திவிடுகிறது. மோட்டார் நிற்கிறது. தண்ணீர் வரவில்லையே என்று சலித்துக்கொண்டு நாம் ஒயர்மேனைத் தேடிப் போகிறோம். அந்தச் சலிப்புக்கு விலை ஓர் உயிர்.

ஆனால் எர்த் இருந்தும் இல்லாதது போன்ற நிலை ஒன்று உண்டு. ஒன்றரை அடி இரும்புத் துண்டைக் காய்ந்த மண்ணில் அடித்து, அதில் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி வைத்திருப்போரைக் காண்கிறோம். அதன் தடை 40 ஓம் இருக்குமானால் 6 ஆம்பியர்தான் ஓடும். பியூஸ் அசையாது, கூட்டில் அழுத்தமும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைப் போட்டு வைத்தாலும் விளைவு அதுவே. எர்த் எவ்வளவு நன்றாக இருந்தும் பயன் இராது. எனவே எர்த் நல்லதாக இருக்கவேண்டும். பியூஸும் அளவானதாக இருக்கவேண்டும்.

நல்ல எர்த் என்பது பெரிய வித்தையன்று. உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையாத துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், 2.5 மீட்டர் நீளம், ஈரம் நிலைக்கும் இடத்தில் செங்குத்தாகப் புதைக்கப்படவேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடுவது வழக்கம். கோடையில் மண் உலர்ந்தால் தடை ஏறும். ஆகையால் அவ்வப்போது தண்ணீர் ஊற்றவேண்டும். மாடு கட்டும் இடத்தில் எர்த் குழி தோண்டலாகாது. பழுது நேர்ந்து மண்ணில் மின்சாரம் இறங்கும்போது, முன்கால் ஓரிடத்திலும் பின்கால் ஓரிடத்திலும் ஊன்றி நிற்கும் மாட்டுக்கு அது மனிதனைவிடப் பெருந்தீங்கு செய்யும்.

இந்தக் கடமையைச் சட்டம் எப்போதோ விதித்துவிட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 61-ஆவது விதி, நிலையாகப் பொருத்தப்பட்ட ஒவ்வொரு மோட்டாரின் கூட்டையும் அதன் உரிமையாளரே தனித்தனியான இரண்டு இணைப்புகளால் நிலத்தோடு தொடர்புபடுத்த வேண்டும் என்றது. மத்திய மின்சார ஆணையம் 2010-லும் பின்னர் 2023-லும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இக்கடமை தொடர்கிறது. "உரிமையாளர்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் தருபவர் கம்பத்திலிருந்து கம்பியைக் கொண்டுவந்து சேர்ப்பார். நம் மோட்டாரின் எர்த் நம்முடைய பொறுப்பு.

ஏன் இரண்டு என்று கேட்கலாம். கூட்டுறவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. கடன் கொடுக்கும்போது ஏன் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்கிறோம்? ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டாலும் மற்றவர் இருப்பார் என்பதற்காக. எர்த் கம்பியும் அப்படியே. துரு ஏறி அறுந்துபோனாலும், மண்வெட்டி பட்டுத் துண்டானாலும் மோட்டார் அதைக் காட்டிக்கொடுக்காது. அறுந்ததை நாம் அறிவதற்குள் மற்றொன்று தாங்கி நிற்கவேண்டும். பணத்துக்கு இரண்டு ஜாமீன் கேட்கும் சங்கம், அங்கத்தினரின் உயிருக்கு இரண்டு ஜாமீன் கேட்பதில் என்ன தவறு இருக்கிறது?

காலமாற்றத்தையும் கவனிக்கவேண்டும். முன்னாளில் பம்பிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் குழாய் இரும்பாக இருந்தது. எர்த் கட்டாதவர்களுக்கும் அந்தக் குழாயே ஓரளவு எர்த் போலப் பயன்பட்டது. இன்று பிளாஸ்டிக் குழாய்கள் வந்துவிட்டன. அவற்றின் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்காது. "என் தகப்பனார் காலத்தில் எர்த் இல்லாமலே ஓடியது" என்போர் இந்த வேறுபாட்டை நினைத்துப் பார்க்கவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் தண்ணீருக்குள் இருந்தாலும், மேலே நாம் தொடும் ஸ்டார்ட்டர் பெட்டியும் இரும்புத்தானே? அதற்கும் எர்த் வேண்டும்.

வேறு சில பழக்கங்களையும் கைவிட வேண்டும். மோட்டார் சுருக்கென்று அடிக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று. எத்தனையோ பேர் தப்பியிருக்கலாம்; தப்பாதவர் வந்து சொல்வதில்லை. ரப்பர் செருப்பையும் மரப்பலகையையும் நம்பியிருப்பது மற்றொன்று. செருப்பு நனையும், பலகை ஈரம் உறிஞ்சும், மற்றொரு கை சுவரிலோ குழாயிலோ பட்டால் இரண்டும் வீண். எர்த்துக்குப் பதிலாகக் கூட்டை நியூட்ரல் கம்பியோடு கட்டிவிடுவது மூன்றாவது. மேலே எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் பழுதில்லாத மோட்டாரின் கூட்டிலும் மின்சாரம் ஏறும். எர்த் கம்பியை நியூட்ரலாக வைத்து விளக்கு எரிப்பது நான்காவது. எர்த் கம்பி ஓரிடத்தில் விடுபட்டால் அதைத் தொடுபவர் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது எர்த்துக்குத் துணையாக மற்றொரு சாதனமும் கிடைக்கிறது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். போன மின்சாரம் முழுவதும் கம்பிகளின் வழியே திரும்பி வந்ததா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நல்ல கணக்கர் வரவையும் செலவையும் ஒப்பிடுவது போல. மண் வழியே சிறிது கசிந்தாலும் உடனே இணைப்பைத் துண்டிக்கும். மனிதரைக் காப்பதற்கு 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர் அளவுடையதை வாங்கவேண்டும். அது இருந்தால் எர்த் வேண்டாமா எனில், வேண்டும். எர்த் இருந்தால் பழுது நேர்ந்த உடனே அது துண்டிக்கும். எர்த் இல்லாவிடில் ஒருவர் தொட்டு அடிபட்ட பிறகே துண்டிக்கும். அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி எறிபவரும் உளர். அது விழுவது குற்றமன்று. எங்கோ கசிவு இருக்கிறதென்று அது தெரிவிக்கும் செய்தி. கசிவைத் தேடிச் சரிசெய்வதே அறிவுடைமை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்யாமல் இருக்கிறோம்? சோம்பல் என்றோ, கஞ்சத்தனம் என்றோ கூறிவிடுவது நியாயமன்று. எர்த் கம்பி நாள்தோறும் ஒரு பயனையும் காட்டுவதில்லை. அது இருந்தால் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வராது. இல்லாவிட்டால் ஒரு முழம் துணி குறையாது. சங்கத்தின் காப்பு நிதியும் இத்தகையதே. லாபம் வந்த ஆண்டில் அதை ஒதுக்கும்போது அங்கத்தினர்கள் முணுமுணுக்கின்றனர். நஷ்டம் வந்த ஆண்டில்தான் அதன் அருமை புலனாகிறது. தனி மனிதனின் விருப்பத்துக்கு விட்டால் காப்பு நிதி சேராது என்பதால்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. எர்த் கம்பியையும் தனி அங்கத்தினரின் நினைவுக்கு விடாமல், சங்கத்தின் நடைமுறையில் சேர்த்துவிட வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

இதற்காக நிர்வாகக் குழுக்களின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, மோட்டாருக்கோ விசைத்தறிக்கோ கடன் வழங்கும்போது, மதிப்பீட்டிலேயே இரண்டு எர்த்துகளின் செலவையும் ஆர்.சி.சி.பி.யின் விலையையும் சேர்க்கவேண்டும். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. தனியே செலவழிக்கச் சொன்னால்தான் அங்கத்தினர் தள்ளிப்போடுவார். இரண்டாவது, கடனில் வாங்கிய பொருளைப் பார்வையிட்டு எழுதும் சான்றில் எர்த்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கவேண்டும். அது நிறைவேறிய பின்னரே கடைசித் தவணைப் பணத்தை விடுவிக்கவேண்டும். மூன்றாவது, எர்த்தின் தடையை அளக்கும் கருவி ஒன்றைச் சங்கம் பொதுவில் வாங்கி, தகுதி பெற்ற ஒயர்மேன் ஒருவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும் கோடையில், அங்கத்தினர்களின் மோட்டார்களைச் சோதிக்கவேண்டும். தனி ஒருவருக்கு அக்கருவி வீண் செலவு. நூறு பேருக்குப் பொதுவானால் அதுவே கூட்டுறவு. நான்காவது, சங்கத்தின் சொந்தக் கிடங்கிலும் தறிக்கூடத்திலும் இவற்றை முதலில் செய்துவிட்டுப் பிறகு அங்கத்தினர்களிடம் பேசவேண்டும்.

"அங்கத்தினரின் தோட்டத்துக்குள் நுழைந்து பார்க்கச் சங்கத்துக்கு என்ன உரிமை?" என்று ஒரு தலைவர் நம்மிடம் கேட்டார். கடன் நிலுவையானால் அதே தோட்டத்துக்கு வசூலுக்குச் செல்ல நமக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கடமையும் உண்டு என்றே அவருக்கு விடை கூறினோம்.

இறுதியாக, அந்தக் கிராமத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விசாரணை முடிந்து புறப்படும் முன் கிணற்றடிக்குச் சென்று பார்த்தோம். அதே மோட்டாரைச் சுற்றுக் கட்டிப் பழுது பார்த்து மீண்டும் பொருத்தியிருந்தார்கள். அதன் காலடியில் எர்த் கம்பி இணைக்கும் திருகாணி இருந்தது. பக்கத்தில், ஒரு செங்குத்துக் கோடும் அதன் கீழ் ஒன்றைவிட ஒன்று சிறியதாக மூன்று கிடைக்கோடுகளும் கொண்ட குறியும் இருந்தது. திருகாணியில் கம்பி இல்லை. தந்தை மாண்ட அதே இடத்தில் மகன் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டரைப் போட்டுக் காட்ட முன்வந்தான். வேண்டாமென்று தடுத்து, அன்று மாலையே பக்கத்து ஊர் ஒயர்மேனை அழைத்துவந்து இரண்டு எர்த் போடச் செய்தோம். வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அவ்வளவு சிறிய வேலை அது. ஏழு மாதங்களுக்கு முன்பே, நாம் சான்று எழுதச் சென்ற அன்றே, அது நடந்திருக்கலாம். அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் மோட்டாரின் காலடியில் அந்தத் திருகாணியைத் தேடிப் பார்க்கட்டும். தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். கம்பி இல்லையென்றால் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்; இதுவரை கேட்காத நாமே.